இடுப்பு ஒடியாம பீர் காய்ச்ச ஒரு சின்ன பம்ப் போதும்ங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்ங்க. போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீட்லயே பீர் காய்ச்சறவங்களப் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல ஒரு எடத்துல, முழு தானியத்துல இருந்து காய்ச்சறது நாள் முழுக்க இடுப்பொடியற வேலை, ஃப்ளாட்ல இருக்கறவங்களுக்கு சரிப்படாது, டின்ல வர்ற மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டே போதும்ங்கற மாதிரி எழுதியிருந்தாங்க, அதப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு கேக்கல, ஏன்னா நான் சிங்கப்பூர் ஈசூன்ல நாலறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்ல ரெண்டு கொழந்தைங்கள வெச்சுகிட்டு ஆறு வருசமா முழு தானியத்துலதான் காய்ச்சறேன், இடுப்பு நல்லாத்தான் இருக்குது. காரணம் ஒரு பம்ப்புங்க. அந்தக் கட்டுரைல பம்ப்பப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

மொதல்ல ஒண்ணச் சொல்லிடறேன். காய்ச்சறதுன்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு முள்ளுக்காட்டுக்குள்ள ஊறல் போட்ட நெனப்புதான் வரும். இது அது இல்லைங்க. சிங்கப்பூர்ல 18 வயசு ஆனவங்க சொந்த உபயோகத்துக்கு பீர், ஒயின் மாதிரி நொதிக்க வெச்சு எடுக்கறத லைசென்ஸ் இல்லாம வீட்ல பண்ணலாம், ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும், விக்கக்கூடாது, சாராயம் மாதிரி ஆவியாக்கி எறக்கக்கூடாது. நான் மாசம் ஒரு தடவ 20 லிட்டர் போடறேன், கணக்குக்குள்ளதான் இருக்கறேன். ஊர்ல இருந்து உங்க பேப்பர ஃபோன்ல படிக்கறவங்க தயவுசெஞ்சு இதப் பாத்துட்டு அங்க ஆரம்பிச்சிடாதீங்க, தமிழ்நாட்டுல 1937ல போட்ட மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்குது, மாட்னா கேஸ்தான்.

சரி, வேலை என்னன்னு தெரிஞ்சாத்தான் பம்ப் எங்க வருதுன்னு புரியும். முளை விட்டுக் காய வெச்ச பார்லிய, அதான் மால்ட், ஒடச்சு 67 டிகிரி சுடுதண்ணில ஒரு மணி நேரம் ஊற வெக்கோணும், இதுக்குப் பேரு மேஷ். நம்ம வீட்ல கொழந்தைக்கு முளைகட்டின ராகிய வறுத்துப் பொடிச்சு கஞ்சி காய்ச்சறோம்ல, சக்கரை போடாமயே லேசா இனிக்கும், கஞ்சியும் கெட்டியாகாம நீத்து நிக்கும், அதே சங்கதிதான், முளைக்கறப்ப உண்டாகற என்சைம் மாவ சக்கரையா மாத்திருது. அந்த இனிப்புத் தண்ணிய (இதுக்குப் பேரு வோர்ட்) வடிச்சு எடுத்து, சக்கைல இன்னும் ஒட்டியிருக்கறத 76 டிகிரித் தண்ணி விட்டு அலசி எடுத்து, ஹாப்ஸ்ங்கற கசப்புப் பூவப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, ஆற வெச்சு, ஈஸ்ட் போட்டு மூடி வெக்கோணும். அம்புட்டுத்தான். சமையல் தெரிஞ்சவங்களுக்கு இதுல புதுசா ஒண்ணும் இல்லைங்க, பிரச்சனை எல்லாம் எடை. 5 கிலோ மால்ட்டுக்கு ஊற வெக்க 15 லிட்டர், அலச 15 லிட்டர், ஆக 30 லிட்டர் சுடுதண்ணிய ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தோணும், அப்பறம் கொதிச்சது 20 லிட்டருக்கு மேல, அதையும் மாத்தோணும்.

நான் ஆரம்பத்துல என்ன பண்ணேன்னா படிக்கட்டு மாதிரி மூணு எடம் வெச்சேன், வாஷிங் மிஷின் மேல சுடுதண்ணிப் பானை, டைனிங் சேர் மேல மேஷ் பண்ற ஐஸ் பாக்ஸ், கீழ தரைல கொதிக்க வெக்கற கெட்டில், மேல இருந்து கீழ தானா எறங்கி வரும், காசு செலவு இல்ல. ஆனா மேல இருக்கற பானைக்கு சுடுதண்ணி யாரு ஏத்தறது? நான்தான். 75 டிகிரில 15 லிட்டர், பாத்திரத்தோட சேத்தா 17, 18 கிலோ இருக்கும், நெஞ்சு ஒசரத்துக்குத் தூக்கோணும். நாலாவது தடவையோ அஞ்சாவது தடவையோ, பானையோட ஒரு பக்கக் காது துணியில இருந்து வழுக்கி, ஒரு சொம்பு அளவு தண்ணி இடது பாதத்துல கொட்டிருச்சு. நல்ல வேளை செருப்பு போட்டிருந்தேன், ரெண்டு வெரலுக்குத்தான் கொப்புளம். வீட்டுக்காரம்மா மருந்து போட்டுகிட்டே கேட்டாங்க, "ஏனுங், உங்க அப்பா பட்டறைல நூறு மோட்டாரு கெடக்குது, நீங்க இங்க கொடம் தூக்கிட்டு நிக்கறீங்க?"

அவங்க கேட்டது நியாயந்தானுங்க. நான் கோயம்புத்தூர்க்காரன். எங்க அப்பா காயில் கட்டற பட்டறை வெச்சிருந்தாரு, மோனோபிளாக், கம்ப்ரஸர், சப்மெர்சிபிள்னு நான் பொறந்து வளந்ததே எரிஞ்ச வார்னிஷ் வாசத்துல. எனக்கு இது தோணாமப் போனதுதான் அதிசயம்.

மொதல்ல வாங்கினது உருப்படல. நெட்ல ஒரு விக்கறவர்கிட்ட 12 வோல்ட் பிளாஸ்டிக் பம்ப் ஒண்ணு, 100 டிகிரி தாங்கும்னு படத்துலயே எழுதியிருந்துச்சு, 75 டிகிரித் தண்ணி ரெண்டு தடவ போனதுக்கே மூடி நெளிஞ்சு ஓரத்துல சொட்ட ஆரம்பிச்சிருச்சு. எழுதிக் கேட்டா பதிலே இல்ல. அதனால புதுசா வாங்கறவங்க சூடு தாங்குமான்னு மட்டும் பாக்காதீங்க, சாப்பாட்டுப் பொருளுக்கு ஆகற பிளாஸ்டிக்கா, தண்ணி போற பாகம், அதான் பம்ப்போட தலை, எதுல செஞ்சிருக்குதுன்னும் கேளுங்க. இப்ப என்கிட்ட இருக்கறது மேக்னெட்டிக் டிரைவ் பம்ப், 230 வோல்ட், தலை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நான் வாங்கறப்ப நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல. இதுல என்ன விசேசம்னா மோட்டாருக்கும் உள்ள சுத்தி தண்ணியத் தள்ற சக்கரத்துக்கும், அதான் இம்பெல்லருக்கும், நடுவுல ஷாஃப்ட் கெடையாது, மோட்டார் பக்கம் ஒரு காந்தம், இம்பெல்லர் பக்கம் ஒரு காந்தம், நடுவுல ஒரு சுவரு, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தே இழுத்துச் சுத்துது. அதனால ஷாஃப்ட் வழியா ஒழுகற சீலே இல்ல, கிரீஸ் கலக்காது, அடச்சுகிட்டாலும் காந்தம் விட்டுக்குடுத்து வழுக்கும், மோட்டார் உடனே எரியாது. காயில் கட்டறவன் மகனா சொல்றேன், அழகான வேலைப்பாடுங்க அது.

ஆனா இந்தப் பம்ப்புக்கு ஒரு கொணம் இருக்குது, தானா உறிஞ்சாது. மொத நாள் எல்லாக் கொழாயும் மாட்டி சுவிட்ச் போட்டேன், ங்ங்ங்னு சத்தம் மட்டும் வருது, ஒரு சொட்டு நகரல. பம்ப்ப வெச்சிருந்தது கிச்சன் மேடைமேல, பானையோட அடிமட்டத்துக்கு சமமா. அஞ்சு நிமிசம் அப்படியே காஞ்சு ஓடிருச்சு, அது ரொம்ப தப்பு, உள்ள இருக்கற தண்ணிதான் அதுக்கு எண்ணெய், அதுதான் அதக் குளுமையாவும் வெக்கறது, காஞ்சு ஓடுனா இம்பெல்லரு நடுவுல தேஞ்சு போயிரும். அப்பாவுக்கு ஃபோன் போட்டேன், பீருன்னு சொல்லல, மால்ட்டுக் கஞ்சிய மாத்தறதுக்குன்னு சொன்னேன், பொய் இல்லியே. அவரு சிரிச்சுட்டு, "ஏங்கண்ணு, பம்ப்பு தண்ணியத் தேடிப் போகாது, தண்ணிதான் பம்ப்பத் தேடி வரோணும், கெணத்து மோட்டாருக்கு நம்ம கொடத்துல தண்ணி ஊத்தி ஏர் எடுக்கறதில்லயா?"ன்னாரு. பம்ப்ப எடுத்து தரைல வெச்சேன், வெளிய போற கொழாயக் கழட்டி ஒரு தடவ கீழ எறக்கினேன், களக் களக்னு நாலு குமிழி வந்துச்சு, அப்பறம் தண்ணி. இப்ப பாத்திரம் எல்லாம் முழங்கால் ஒசரத்துல பலகை மேல, பம்ப் தரைல, அதுக்கு மேல ஒரு கவுத்துப் போட்ட ஐஸ்கிரீம் டப்பா, மேல இருந்து சிந்துனாலும் மோட்டார் நனையாது. ஒயரும் பிளக்குல இருந்து நேரா மோட்டாருக்கு வராம நடுவுல கொஞ்சம் தொங்கற மாதிரி விடுங்க, வழியற தண்ணி அங்கயே சொட்டிரும். வீட்டு டிபில (கரண்ட் பெட்டில) மின்கசிவு வந்தா டிரிப் ஆகற பிரேக்கர் வேலை செய்யுதான்னு டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாத்துக்கங்க.

இன்னொரு விசயம், ஓட்டத்தக் கொறைக்கோணும்னா பம்ப்ல இருந்து வெளிய போற பக்கம் வால்வு வெச்சுத்தான் கொறைக்கோணும், உள்ள வர்ற பக்கம் எப்பவும் முழுசாத் தொறந்து இருக்கோணும். உள்ள வர்ற பக்கம் இறுக்குனா அங்க அழுத்தம் கொறஞ்சு, கிட்டத்தட்ட கொதிக்கற சூட்டுல இருக்கற வோர்ட்டு பம்ப்புக்குள்ளயே ஆவியாயிரும், கல்லு உருட்டற மாதிரி சத்தம் வரும், ஓட்டம் நின்னுரும்.

இப்ப மேஷுக்கு வர்றேன். ஒரு மணி நேரம் ஊறின அப்பறம் மொதல்ல வடியறது கலங்கலா, உமியும் மாவுமா வரும், அத எடுத்து திரும்ப மேலயே ஊத்தோணும், ஊத்த ஊத்த பார்லி உமியே வடிகட்டி மாதிரி படிஞ்சு தெளிஞ்சு வரும். முன்ன இத ஜக்குல மொண்டு மொண்டு ஊத்துவேன், அரை மணி நேரம் குனிஞ்சே நிப்பேன், இப்ப பம்ப் 10 நிமிசத்துல பண்ணிருது, கொழாயோட நுனிய மேல தட்டையா ஒரு மூடி மேல விழற மாதிரி வெச்சா படுகை கலையாது. கீழ கண்ணாடி மாதிரி வர்றத டார்ச் அடிச்சுப் பாக்கறது ஒரு சொகம், எங்க சின்னவ இதுக்குன்னே ஸ்டூல் போட்டு ஒக்காந்திருப்பா.

அதுக்காக பம்ப் இருக்குதேன்னு முழு வேகத்துல விட்டுறாதீங்க. வால்வ கால்வாசிதான் தொறப்பேன், நிமிசத்துக்கு ரெண்டு மூணு லிட்டர் போனா அதிகம். வேகமா உறிஞ்சுனா தானியம் கீழ அமுங்கி சிமெண்ட் போட்ட மாதிரி இறுகிரும், மேல தண்ணி நிக்கும், கீழ ஒண்ணும் வராது, ஸ்டக் மேஷ்னு சொல்றது இதத்தான். ஒரு தடவ கோதுமை பீர் போடறப்ப எனக்கு இது ஆச்சு, கோதுமைக்கு உமி கெடையாதுல்ல, அது பசையா ஒட்டிக்கும். பம்ப்ப நிறுத்தி, கரண்டியப் போட்டு மறுபடி கிண்டி, பத்து நிமிசம் படிய விட்டு, அப்பறம் மெதுவா ஓட்டினேன். இப்ப கோதுமையோ ஓட்ஸோ போட்டா ரெண்டு மூணு கை நெல்லு உமி கழுவிக் கலந்துக்கறேன். ஊர்ல ரைஸ் மில்லுக்குப் பின்னாடி மலையாட்டம் கொட்டிக் கெடக்கற உமிய இங்க பாக்கெட் போட்டு விக்கறாங்க, காசு குடுத்து வாங்கறேன், இத அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

நான் பண்ண இன்னொரு மடத்தனத்தையும் சொல்றேன், யாராச்சும் தப்பிச்சுக்கட்டும். பம்ப் வந்த குஷில மேஷ் நடக்கற ஒரு மணி நேரமும் சுத்த விட்டேன், பெரிய பெரிய மிஷின் வெச்சிருக்கறவங்க அப்படித்தான் பண்றாங்களேன்னு. அவங்களுக்கு அடில ஹீட்டர் இருக்குது, சுத்தி வர்ற வழில சூடு ஏறிக்கும். என்னோடது ஐஸ் பாக்ஸ், சூட்டப் புடிச்சு வெக்கறது மட்டுந்தான் அதோட வேலை, கொழா வழியா வெளிய வந்து வந்து போனதுல 67ல ஆரம்பிச்சது 63க்கு எறங்கிருச்சு. சூடு கொறஞ்சா ஈஸ்ட் தின்னு தீக்கற மாதிரி சக்கரைதான் அதிகம் வரும், அந்தத் தடவ பீரு தண்ணியா, வாயில நிக்காம போச்சு. ஐஸ் பாக்ஸ் வெச்சிருக்கறவங்க கடைசி பத்து நிமிசம் மட்டும் சுத்த விடுங்க. ஹீட்டர் உள்ள கெட்டிலா இருந்தா முழு நேரமும் விடலாம், மேல இருந்து அடி வரைக்கும் ஒரே சூடா இருக்கும், ஆனா அங்கயும் தானியத்துக்கு மேல தண்ணி ஏறிகிட்டே போகுதான்னு ஒரு கண்ணு வெச்சிக்கோணும், மேல ஏறுனா அடில கொறையுதுன்னு அர்த்தம், ஹீட்டர் வெளிய தெரிஞ்சா அடிப்புடிச்சிரும்.

ஆனா இதெல்லாம் எந்த நாட்டுல இருந்தாலும் உள்ளதுதாங்க. நம்ம சிங்கப்பூர்ல பம்ப் நெசமாவே சம்பாதிச்சுக் குடுக்கறது ஆற வெக்கறப்பதான். கொதிச்சு முடிஞ்ச வோர்ட்ட சீக்கிரம் 20 டிகிரிக்குக் கொண்டு வரோணும், சும்மா விட்டா ராத்திரி முழுக்க ஆறாது, நடுவுல கிருமி ஏறிக்கும், சூட்டோட ஈஸ்ட் போட்டா ஒண்ணு செத்துரும் இல்லைன்னா பெயிண்ட் தின்னர் மாதிரி வாசம் வரும். குளுரு நாட்டுல செம்புக் கொழாய் சுருள உள்ள எறக்கி பைப்பத் தொறந்து விட்டா சோலி முடிஞ்சுது. இங்க பைப்புல வர்றதே 28, 29 டிகிரி, எத்தன மணி நேரம் விட்டாலும் அதுக்குக் கீழ போகுமா? போகவே போகாது. நான் ரொம்ப நாளு 33, 34லயே திணறிகிட்டு இருந்தேன்.

இப்ப ரெண்டு கட்டமா பண்றேன். கொதி நின்னதும் பைப்புத் தண்ணிய சுருள்ல விட்டு 35 வரைக்கும் எறக்கறேன், 20 நிமிசம் ஆகும், வெளிய வர்ற மொதத் தண்ணி கை வெக்க முடியாத சூடா இருக்கும், அத வாளில புடிச்சு வெச்சு பாத்திரம் கழுவறதுக்கு எடுத்துக்கறேன். அப்பறம் பைப்ப நிறுத்திட்டு, ஒரு பெரிய வாளில 10 லிட்டர் தண்ணியும் ஐஸும் போட்டு, உள்ள முங்கற சின்ன பம்ப் ஒண்ண எறக்கி, ஐஸ் தண்ணிய சுருள்ல சுத்த விடறேன். எவ்ளோ ஐஸுன்னா, 20 லிட்டர 35ல இருந்து 20க்குக் கொண்டுவர 300 கிலோ கலோரி, வாளித் தண்ணிய 29ல இருந்து 5க்குக் கொண்டுவர 240, ஒரு கிலோ ஐஸ் உருகறப்ப 80 இழுத்துக்கும், ஆக ஏழு கிலோ கிட்ட. கடைல விக்கற ஐஸ் பை மூணு வாங்கினா தீந்துச்சு. மொதல்ல மக மீன் தொட்டில இருந்த பம்ப்ப ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கிப் பாத்தேன், பத்து மீட்டர் செம்புக் கொழாயத் தள்ள அதுக்குத் தெம்பு இல்ல, நூலு மாதிரி வந்துச்சு, மீனுக்கும் கோவம், மகளுக்கும் கோவம். பெரிசா ஒண்ணு வாங்கினேன்.

இதே நேரத்துல தரைல இருக்கற பெரிய பம்ப்பும் வோர்ட்ட கெட்டிலுக்குள்ளயே ஓரமா சுழல விட்டுகிட்டு இருக்கும். சுருளுக்குள்ள ஐஸ் தண்ணி ஓடுது, வெளிய வோர்ட்டும் ஓடுது, ரெண்டும் நிக்காம ஓடுனாத்தான் சூடு கை மாறும், வோர்ட்டு அசையாம நின்னா சுருளச் சுத்தி மட்டும் குளுந்து மத்ததெல்லாம் அப்படியே கெடக்கும். நான் டைம் வெச்சுப் பாத்தேன், சுழல விடாம 40 நிமிசம் ஆனது சுழல விட்டா 15 நிமிசம். ஒரே ஒரு எச்சரிக்கை, கொதி நிக்கறதுக்கு பத்து நிமிசம் முன்னாடியே அந்தக் கொதிக்கற வோர்ட்ட பம்ப் வழியாச் சுத்த விட்ருங்க, பம்ப்பும் கொழாயும் கிருமி இல்லாம ஆயிரும். அப்ப கொழாய் மாட்டற எடத்துல எல்லாம் கிளிப் இறுக்கமா இருக்கோணும், கொழாயும் சிலிக்கானா இருக்கோணும், சாதா பிளாஸ்டிக் ட்யூப் சூட்டுல கொழகொழன்னு ஆகி கழண்டு வந்துரும், 100 டிகிரில கழண்டா என்ன ஆகும்னு நான் சொல்லோணுமா.

ஆறினதும் அதே பம்ப்தான் ஃபெர்மெண்டருக்கு, அதான் நொதிக்க வெக்கற பாத்திரத்துக்கு, ஏத்தி விடுது, நான் 20 கிலோவக் கட்டிப் புடிக்கறதில்ல. ஃபெர்மெண்டர் செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜுக்குள்ள, 19 டிகிரி. ஃப்ரிட்ஜுக்கு எடம் இல்லாதவங்களுக்கு நார்வே நாட்டுல இருந்து வந்த க்வெய்க்னு ஒரு ஈஸ்ட் இருக்குது, 35 டிகிரிலயும் ஒழுங்கா வேலை செய்யும், நம்ம ஊரு வெயிலுக்குன்னே பொறந்த மாதிரி. அது வெச்சிருந்தா ஐஸு கூட வேண்டாம்.

பம்ப் வாங்கினா கழுவற வேலை ஒண்ணு சேந்துக்கும், அத மறைக்கல. வேலை முடிஞ்ச சூட்டோட, புடிச்சு வெச்ச வெந்நீல சோடியம் பெர்கார்பனேட் கலந்து 20 நிமிசம் சுத்த விட்டு, அப்பறம் நல்ல தண்ணி விட்ருவேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னு ஒரு வாரம் விட்டேன் ஒரு தடவ. தலைல இருக்கற நாலு ஸ்க்ரூவக் கழட்டிப் பாத்தா இம்பெல்லர் எறக்கைக்கு நடுவுல ரெண்டு பார்லி உமி, சுத்தி பாசம் புடிச்ச மாதிரி ஒரு பழுப்பு, வாசம் புளிச்ச மாவு வாசம். இப்ப மாசா மாசம் கழட்டிப் பாக்கறேன்.

பம்ப் வெச்சா பீரு ருசி கூடுமான்னு சில பேரு கேக்கறாங்க. கூடாதுங்க, மால்ட்டும் ஈஸ்ட்டும் சூடும்தான் ருசி. அஞ்சு பத்து லிட்டர் மட்டும் துணிப் பைல கட்டி ஊற வெச்சுத் தூக்கறவங்களுக்கு பம்ப்பே தேவையில்ல, காச மிச்சம் பண்ணுங்க. இப்ப பம்ப்போட சேத்தே ஒரே பாத்திரமா வர்ற மிஷினும் இருக்குது, கிரெயின்ஃபாதர் மாதிரி, வசதி இருக்கறவங்க அத வாங்கிக்கலாம், நல்ல சாமான்தான். ஆனா ஏற்கனவே ரெண்டு பானையும் ஒரு ஐஸ் பாக்ஸும் வெச்சுகிட்டு, அடுத்து இன்னும் பெரிய பானையா வாங்கலாமான்னு யோசிச்சுகிட்டு இருக்கறவங்க அந்தக் காசுல பம்ப் வாங்குங்க. காலைல ஏழரைக்கு அடுப்பு போட்டு ராத்திரி வரைக்கும் இழுத்த வேலை எனக்கு இப்ப மதியம் ஒண்ணரைக்கு முடிஞ்சிருது, கிச்சனையும் தொடச்சுக் குடுத்தர்றேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு அதே அடுப்பு வேணும்ல.

லெட்டரப் போட்டீங்கன்னா பேரப் போட்டுறாதீங்க, எங்க அப்பா உங்க பேப்பர தெனமும் ஃபோன்ல படிக்கறாரு. கோயம்புத்தூரு, காயில் பட்டறை, மால்ட்டுக் கஞ்சின்னு இத்தனையும் எழுதினதுக்கு அப்பறம் பேரு இல்லைன்னா மட்டும் கண்டுபுடிக்க மாட்டாரான்னு வீட்டுக்காரம்மா கேக்கறாங்க. எதுக்கும் போடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈசூன்